சூட்டுப் புரதமும் திருத்தங்கல் பஸ்ஸும்

என்னிடம் யாராவது "என்ன படிக்கிறே?" என்று கேட்டால் அவர்கள் இறங்கும் இடம் தப்பிவிடும். அம்புட்டுப் பேசுவேன்.

அன்று கேட்டு மாட்டியது, விருதுநகர் தாண்டி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பட்டாசுக் கம்பெனி அக்கா ஒருவர். என் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் டிரை ஐஸில் (உறையவைத்த கரியமில வாயு) புதைத்த மூளைச் செல் மாதிரிகள். என் பிஎச்.டி.யின் உயிரே அதில்தான். சிவகாசிக் கல்லூரி ஒன்றில் மறுநாள் சோதிக்க வேண்டும்.

"மூளைச் செல்லுக்குள்ள கல்யாணப் பந்தல் மாதிரி கம்பும் கயிறுமா ஒரு சட்டகம் இருக்குக்கா. சூடு ஏறுச்சுன்னா குலைஞ்சிரும். அப்ப குட்டிக் குட்டியா சில புரதம் ஓடிப்போயிக் கயித்தைப் பிடிச்சுக்கிரும். விடவே விடாது!"

"ஆத்தாடி!" என்றார் அக்கா.

போதாதா எனக்கு? எப்படிப் பிடிக்கும் என்று இரண்டு கையையும் வீசிக் காட்டினேன். பெட்டியின் மூடி பறந்தது. வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. (பட்டாசு ஊர் பஸ்ஸில், மடியில் புகை!)

"ஏலே, வண்டிய நிறுத்துலே!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்.

திருத்தங்கலில் மொத்த பஸ்ஸும் இறங்கிவிட்டது. "வெடிக்காதுங்க, வெறும் ஐஸ்தான்!" என்று நான் அலறியது யார் காதிலும் விழவில்லை. அக்கா பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, டீக்கடைத் தண்ணீர் டிரம்மில் கவிழ்த்துவிட்டார். புகைகிற எதையும் தண்ணீரில் அமுக்குவதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். டிரை ஐஸுக்கோ தண்ணீர் பட்டால் கொண்டாட்டம்! டிரம் பொங்கியது, புகை கடையையே மூடியது, தெருவே ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியது, அது ஒன்றும் செய்யாது என்று தெரிந்த ஒரே ஆளான நான்தான்.

புகை அடங்கியதும் என் குப்பிகள் மூடி திறந்து மிதந்தன. ரோட்டோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"உங்க உசிரைக் காப்பாத்தத்தானே செஞ்சேன் தாயி" என்று அக்காவும் கூட அழுதார்.

மாதக்கணக்கான வேலையை முதலிலிருந்து செய்தேன். கடைசியில் ஒருநாள், செல்லுக்குள்ளிருந்து அந்தக் கயிற்றைப் பிரித்து எடுத்தபோது அந்தக் குட்டிப் புரதமும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததே, லேபிலேயே குதித்தேன்!

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். பேப்பர் வியாபாரியான என் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கடையைப் பூட்டிவிட்டு, குடும்பத்தோடு வந்திருந்தார். "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று தேர்வாளர் ஒப்புக்குக் கேட்டார். அத்தா எழுந்துவிட்டார்.

"சூட்டுக்கு அசராத புரதம்ங்கிறீக. (சபை மரியாதையாம்!) அப்புறம் எதுக்கு அதை ஐஸ்ல வச்சுக் கொண்டாந்தீக?"

அரங்கமே சிரித்தது. மாதிரி எடுக்கச் செல்லை உடைத்த பிறகு அந்தப் புரதத்தைச் செல்லிலுள்ள நொதிகள் அரித்துவிடும், குளிர்தான் அவற்றை அடக்கும் என்று விளக்கினேன். தேர்வாளர் கைதட்டிப் பட்டமும் கொடுத்துவிட்டார். அத்தாதான் இன்னும் பாஸ் போடவில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை உட்காரவைத்து, என்னை அந்தப் பதிலைச் சொல்லவைத்து, "நீங்களே சொல்லுங்க, இது ஒரு பதிலா?" என்கிறார்.