நாட்டுக்காக வாங்கின நாற்காலி

நாட்டின் பொருளாதாரம் மொத்தத்தையும் ஒரே தோசையில் காட்டிவிடக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். அவன் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டான்.

மலையாளம் பேசுகிற ஊரான கழக்கூட்டத்தில் ஓர் ஆண்கள் ஹாஸ்டல். மேலே அறைகள், கீழே மெஸ். நான் அங்கே மாஸ்டர். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சமையல்கட்டுக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. மனைவி போன பிறகு வீடு என்று வேறு இல்லை.

சாப்பிட வருகிறவர்கள் ஐ.டி. பையன்கள். காதில் மாட்டினதைக் கழற்ற மாட்டார்கள். தட்டை நீட்டி, "சாம்பார்" என்பார்கள். சில நாள் எனக்கு வந்து சேர்கிற பேச்சே அந்த ஒரு வார்த்தைதான். நானும் பேசுகிற ஆள் இல்லை. ஊற்றுவேன்.

அப்போதுதான் இவன் வந்தான். வள்ளியூர்ப் பையன். நகரத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் எம்.ஏ. அங்கே விடுதியில் இடம் கிடைக்காமல் எங்களிடம் வந்து விழுந்தவன். உடம்பு துடைப்பக்குச்சி. சட்டைக்குள் இன்னோர் ஆள் தங்கலாம்.

வந்து கொஞ்ச நாள் இருக்கும். தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முடி கிடக்கிறதோ என்று எனக்குத் திக்கென்றது.

"அண்ணாச்சி, போன வாரம் தோசை இதைவிடப் பெருசுல்லா?"

"கரண்டி மாத்தியாச்சு."

"வெலை?"

"மாத்தல."

மேசையில் ஓங்கி அடித்தான். டம்ளர் உருண்டது.

"பாத்தியளா! வெலைய ஏத்தாமலே ஏத்தியிருக்காரு முதலாளி. நாடு முழுக்க இதான் நடக்கு. பிஸ்கட் பாக்கெட்டுல பாதி காத்து. சோப்புக்கு நடுவுல குழி. இங்க கரண்டி. இதுக்குப் பேருதான் பணவீக்கம்!"

பையன்கள் முதல்முறையாகக் காதிலிருந்ததைக் கழற்றினார்கள். அத்தோடு அவன் பெயர் போயிற்று. "பணவீக்கம் எழும்பியாச்சா?" "பணவீக்கம் குளிக்கப் போயிருக்கு." அந்த உடம்புக்கு அந்தப் பெயர். அவனுக்கு அதில் பெருமைதான்.

ரூபாய் மதிப்பு விழுந்த நாளில் பப்படம் எடுக்க மாட்டான்.

"பப்படம் பொரிக்கிற பாமாயில் கப்பல்ல வருது அண்ணாச்சி. டாலர் கொடுத்து வாங்குதோம். நான் ஒரு பப்படம் விட்டா, நாட்டுக்கு அவ்வளவு டாலர் மிச்சம்."

"பப்படம் பொரிச்சாச்சே, மக்கா."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

அவன் விட்ட பப்படத்துக்காக, அவன் கொள்கைக்குப் பக்கத்தில் உட்காரப் போட்டி நடக்கும். காலையிலேயே பையன்கள் போனைப் பார்த்து, "ரூபா விழுந்தாச்சு, அவனுக்கு வலப்பக்கம் நான்" என்று இடம் பிடிப்பார்கள்.

வேலையில்லாத் திண்டாட்டத்தை அவன் வாசலில் நின்று ஆராய்ந்தான். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் பையன்கள் ஒருவர் தப்ப முடியாது. வண்டியை மறிப்பான்.

"தம்பி என்ன படிச்சிருக்கே?"

"பி.டெக். ஆணு சேட்டா. மாறிக்கோ, பிரியாணி தணுக்கும்." வழியை விடு, ஆறிப்போகும் என்று மலையாளத்தில் கெஞ்சுவான்.

"எந்த வருசம் முடிச்சே? கேம்பஸ்ல வேலைக்கு எடுக்க வந்தாங்களா?"

மேலே பால்கனியிலிருந்து பிரியாணிக்குச் சொன்னவன் கத்துவான். இவன் அசைய மாட்டான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் ஓடி வருவான். "அண்ணாச்சி, சோறு கொண்டுவாரவனும் என்ஜினியர், வாங்கித் திங்கவனும் என்ஜினியர். என்ன நாடு இது!" அவன் நிறுத்தி வைத்த பிரியாணி எதுவும் சூடாக மேலே போனதாகச் சரித்திரம் இல்லை.

கடைசியில் ஆராய்ச்சி என் பக்கம் திரும்பியது. ஒரு நாள் என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். பாய். பெட்டி. கொடியில் இரண்டு கைலி. ஒரு ஸ்டூல்.

"நீங்க எதுவுமே வாங்க மாட்டியளா?"

"என்னத்துக்கு?"

"தப்பு அண்ணாச்சி. நீங்க வாங்கலன்னா கடைக்காரனுக்கு யாவாரம் இல்ல. கடைக்காரனுக்கு யாவாரம் இல்லன்னா கம்பெனிக்காரன் செய்ய மாட்டான். செய்யலன்னா வேலை இல்ல. நாடு தேங்கி நிக்கதுக்கு நீங்கதான் காரணம்."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு நாட்டையே நிறுத்திவிட்டேன் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நகரத்தில் 'சாலை' என்று பேர்கொண்ட கடைத்தெருவுக்கு இழுத்துப் போனான். எதையாவது வாங்கியே தீர வேண்டும். ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். அவன் பேரம் பேசவிடவில்லை. பேரம் பேசினால் நாட்டுக்கு நல்லதில்லையாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். இவன் நாற்காலியை நடு வழியில் போட்டு உட்கார்ந்தான். கண்டக்டர் வந்தார். "எடோ, இது தன்றெ வீடாணோ?" உன் வீடா இது என்கிறார்.

"சார், சும்மா கெடக்க பொருள் நாட்டுக்கு நஷ்டம். உக்காரத்தானே நாற்காலி?"

கண்டக்டர் நாற்காலிக்கும் சேர்த்துக் காசு கேட்டார். நான் கொடுத்தேன். அதுவும் நாட்டுக்குத்தான் என்றான்.

அந்த நாற்காலியில் பிறகு அவன்தான் உட்கார்ந்தான். சாயங்காலம் கல்லூரி விட்டதும் நேரே வருவான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அவன் வரி, வட்டி, ஏற்றுமதி என்று போய்க்கொண்டிருப்பான். பாதி புரியாது. புரிய வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. சத்தம் இருந்தது. அது போதும்.

பிறகு கம்பெனிகளில் ஆட்களைக் குறைத்தார்கள். அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. உலையில் போடும் அரிசியை நானும் குறைத்துக்கொண்டே வந்தேன். முதலாளி அந்தச் சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற தமிழர்; பேச்சில் பாதி மலையாளம். மெஸ்ஸை மூடிவிட்டு வெளியிலிருந்து சாப்பாடு எடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியனுப்பினார். மெஸ் போனால் என் வேலை போகும். அறையும் போகும்.

"விடுங்க அண்ணாச்சி. நான் பேசுதேன்" என்றான் பணவீக்கம்.

அடுத்த ஞாயிறு முதலாளி வந்தார். இவன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் நின்றான். மீதமிருந்த பையன்கள் சுற்றி நின்றார்கள். நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன்.

நன்றாகத்தான் தொடங்கினான். "முதலாளி, இந்த மெஸ்ஸ மூடக் கூடாது. ஏன்னா, நாட்டோட இன்னைக்கு நெலமைய மொதல்ல நாம புரிஞ்சுக்கணும்."

அங்கே வண்டி தடம் புரண்டது. நாட்டின் நிலைமை என்று வாயைத் திறந்தால் அவனுக்கு முன்னால் இருப்பது யார் என்று தெரியாது. தேங்காய் எண்ணெய் விலைக்குப் போனான். சிலிண்டருக்குப் போனான். பத்துப் பேருக்கும் ஐம்பது பேருக்கும் அடுப்பு ஒரே அடுப்புதான், அப்போது ஆள் குறையக் குறைய ஒரு சாப்பாட்டின் அடக்கம் ஏறத்தானே செய்யும் என்றான். கை வீசினான். குரல் ஏறிற்று. கடைசியில், "ஆக, பொருளாதாரப்படி பாத்தா, இந்த மெஸ்ஸ நடத்துததுல அர்த்தமே இல்ல!" என்று மேசையில் அடித்தான்.

டம்ளர் உருண்டது.

முதலாளி எழுந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "செரியாக்கும் மோனே. இத்தனை தெளிவா எனக்கு ஆரும் சொல்லித் தந்தது இல்ல, கேட்டோ. இந்த மாசத்தோட நிறுத்திருவோம்."

"இல்ல முதலாளி, அது வெறும் தியரி..."

"தியரிதானே நீ படிக்குது?"

அதுவரை அவன் பேச்சைப் புரிந்துகொண்டு முடிவெடுத்த ஆள் கிடையாது. முதல் ஆள் அவர்தான். பையன்கள் யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தான்.

"நான் சொன்னது அவ்வளவும் சரிதான் அண்ணாச்சி" என்றான். மூக்கை உறிஞ்சினான். "அதான் கஷ்டமா இருக்கு."

"சாப்பிடு" என்றேன்.

அந்த வாரம் முழுக்க ரூபாய் விழுந்துகொண்டிருந்தது. அவனே சொன்னதுதான். பப்படம் வைத்தேன். நொறுக்கித் தின்றான். இன்னொன்று வைத்தேன். அதையும் தின்றான்.

இப்போது நகரத்துக்குள், தம்பானூரில் ஓர் ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறேன். இங்கேயும் கரண்டி சின்னதுதான். யாரும் தோசையைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

அவன் படிப்பு முடித்து ஊருக்குப் போய்விட்டான். ஒரு தடவை போன் வந்தது. "வேலையில்லாதவங்க கணக்குல இப்ப நானும் உண்டும் அண்ணாச்சி" என்று சிரித்தான். ரொம்ப நேரம் நாட்டைப் பற்றிப் பேசினான். நான் உம் கொட்டினேன்.

ஓட்டலுக்கு மேலே எனக்கு ஓர் அறை. நாற்காலியைக் கொண்டுவந்திருக்கிறேன். அதில் துணி போடுவதில்லை. நான் உட்கார்வதும் இல்லை. எனக்கு ஸ்டூல் போதும். சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற பொருள் நாட்டுக்கு நஷ்டம் என்பான்.

வந்து உட்கார்ந்தால் என்ன?