சிக்னல் கிடைக்காத லாட்ஜ்

என் அறுபதாவது பிறந்தநாளன்று உலகத்தில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று முடிவெடுத்தேன். உலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு, ராஜகீழ்ப்பாக்கத்தில் என் மனைவியின் இரண்டு அண்ணன்கள், சபையிலிருந்து ஒரு முப்பது பேர். இவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்க வேண்டுமென்று என் மனைவி அமலராணி திட்டம் போட்டிருந்தாள்.

ஜெபம், பாட்டு, பிரியாணி எதற்கும் நான் விரோதியல்ல. ஆனால் பிரியாணித் தட்டு கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"ஜேசன் வரலையா?"

ஜேசன் என் மகன். ஒரே மகன். மூன்று வருஷம் கோச்சிங் அனுப்பி, மத்திய அரசு வேலை கிடைத்து, சேர்ந்த எட்டாவது மாதம் அதை ராஜினாமா செய்துவிட்டு ஏதோ சோலார் கம்பெனிக்குப் போனான். அன்றைக்குக் கோபத்தில் இரண்டு உத்தரவு போட்டேன். ஒன்று, இனிமேல் நீ எனக்கு போன் பண்ணாதே. இரண்டு, இந்த வீட்டில் யாரும் அவன் பேரை எடுக்கக்கூடாது.

பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையுமே கேட்காத பையன், இதை மட்டும் கேட்டுவிட்டான். இரண்டு வருஷமாகிறது. போன் இல்லை. அமலராணியும் அவன் பேரை எடுக்கவில்லை. சாயந்திரங்களில் எங்கள் வீட்டில் குக்கர் மட்டும்தான் வாய் திறக்கும்.

"ராணி, பிறந்தநாளுக்கு நாம வெளியூர் போறோம்" என்றேன்.

"அப்ப கூட்டம்?"

"கேன்சல்."

சண்டை வரும் என்று தயாராக நின்றேன். அவள் தமிழ் டீச்சர். எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"கொடைக்கானல் போலாமா?"

"வேணாம். உங்க பெரியண்ணன் பின்னாலயே கார் எடுத்துட்டு வந்துடுவார்."

"ஏற்காடு?"

"அங்க சிக்னல் கிடைக்கும். போன்ல கேப்பாங்க."

"ஆளும் இருக்கக்கூடாது, சிக்னலும் இருக்கக்கூடாதுன்னா மண்ணுக்குள்ளதான் போகணும்."

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றேன். எனக்கே அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் காலை ஏரியைச் சுற்றி நடக்கும்போது பக்கத்து வீட்டு தட்சிணாமூர்த்தி கூடச் சேர்ந்துகொண்டார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓயாமல் பேசுகிறவர். முந்தின நாள் சாயந்திரம்தான் அமலராணி அவர் வீட்டுக்குத் தயிர் உறை வாங்கப் போயிருந்தாள்.

"அசரியா சார், ராஜஸ்தான்ல ஒரு லாட்ஜ் இருக்கு. ஜோத்பூர்லேர்ந்து ரெண்டரை மணி நேரம். சுத்தி வெறும் பாறை, மணல். ரூம் எல்லாம் அரண்மனை மாதிரி. ஆனா ஒரு குறை, சிக்னலே கிடைக்காது."

எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். விடைத்தாள்களை அமலராணி அன்றுதான் மூடி வைத்தாள்.

"ராஜஸ்தானா? எங்க வேணா வரேன், அங்க மட்டும் வேணாங்க."

"ஏன்?"

"லாட்ஜுன்னு வேற சொல்றீங்க. தாம்பரம் ஸ்டேஷன் எதிர்ல இல்லாத லாட்ஜா? ஒரு பக்கெட்டு, ஒரு மக்கு, சுவத்துல வெத்தலைக் கறை."

"இது அப்படியில்ல. வசதியானது."

"பாலைவனத்துல காலையில காபிக்குப் பாலுக்கு எங்க போவீங்க?"

"பேர்லயே பாலை வெச்சிருக்கான். கிடைக்கும்."

"வேணாங்க. என் பேச்சைக் கேளுங்க."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். எதிரே வருகிற சாமானை ரிஜெக்ட் பண்ணியே சம்பளம் வாங்கியவன். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. அமலராணி வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே நாலு நாளுக்கு ரூம் போட்டுவிட்டேன்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்கினாள். துணி கொஞ்சம், அதிரசமும் முறுக்கும் இரண்டு பெரிய டப்பா. பாலைவனத்தில் பசிக்கும் என்று பயப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

லாட்ஜ் பிரமாதம். அதை மறைக்க மாட்டேன். கல்லால் கட்டிய தனித்தனி வீடுகள். எங்கள் ஹாலை விடப் பெரிய குளியலறை. படுத்தால் ஆளை விழுங்கும் மெத்தை. வாசலுக்கு வெளியே பாறைகள். சிவப்புப் பாறை, சாம்பல் பாறை, யானை படுத்த மாதிரி ஒன்று, மொட்டைத் தலை மாதிரி நூறு. அதற்கப்பால் முள்செடியும் மணலும். ஒரு சத்தம் கிடையாது.

அந்தச் சத்தமில்லாமைதான் என்னைக் கொன்றது. தாம்பரத்தில் ரயில் போகும், பிளேன் போகும், மனசுக்குள் யாராவது பேசினாலும் காதில் விழாது. இங்கே எல்லாம் விழுந்தது. பையனிடம் நான் கடைசியாகப் பேசிய வார்த்தைகள் ஒவ்வொன்றும், அதே குரலில், அதே வரிசையில் வந்தன. இரண்டாவது நாள் முழுக்கப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாறைகளும் என்னைப் பார்த்தன. யார் அதிகம் கல் என்று இரண்டு தரப்புக்கும் தெரியவில்லை.

அன்று சாயந்திரம், மறுநாள் எனக்கு அறுபது என்கிற நிலையில், யானைப் பாறை மேல் ஏறி போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்து அமலராணி கேட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"டைம் பாக்கறேன்."

"கையில வாட்ச் இருக்கே."

"அது ஸ்லோ."

"சிக்னல் வராதுன்னுதானே இங்க வந்தோம்?"

"வரலையான்னு செக் பண்றேன். குவாலிட்டி செக்."

அவள் உள்ளே போனாள். அவன் கூப்பிட மாட்டான் என்று எனக்குத் தெரியும். கூப்பிடக்கூடாது என்று சொன்னவனே நான்தான். ஆனாலும் வெளிச்சம் போகும்வரை பாறை மேலேயே நின்றேன். முட்டி வலித்தது. போனில் ஒரு கோடு கூட வரவில்லை.

பிறந்தநாள் காலையில் சாப்பாட்டு அறைக்குப் போனோம். எங்கள் மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தார்கள். ஒன்றை எடுக்கச் சொல்லலாம் என்று கை தூக்கினேன். அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். கறுத்து, மெலிந்து, தாடியோடு, முழங்கால் வரை புழுதியோடு.

"ஹாப்பி பர்த்டேப்பா."

தூக்கின கையை இறக்கினேன்.

"போன் பண்ணக்கூடாதுன்னீங்க. அதான் நேர்ல வந்தேன்" என்றான் ஜேசன்.

"இங்க எப்படிடா?"

"எங்க சோலார் பிளான்ட் இங்கேர்ந்து நாப்பது கிலோமீட்டர்ப்பா. ஒன்றரை வருஷமா இங்கதான் இருக்கேன்."

அமலராணியைப் பார்த்தேன். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பேரை எடுக்கக்கூடாதுன்னீங்க. பேரை எடுக்காம ஊரை எப்படிச் சொல்றது?"

"அப்ப இது உன் வேலையா?"

"நல்லா இருக்கே. நீங்கதானே தேடிப் பிடிச்சீங்க? அவன் இருக்கற பக்கம் போனா உங்களுக்குக் கோபம் வருமேன்னுதான் வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நீங்க கேக்கல. இவ்வளவு பக்கத்துல வந்துட்டுப் பெத்தவளால சும்மா இருக்க முடியுமா? நேத்து லாட்ஜ் ஆபீஸ் லேண்ட்லைன்லேர்ந்து அவனைக் கூப்பிட்டேன்."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். வந்தே தீருவேன் என்று வந்தவன் நான்தான்.

இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்று என்னிடம் இருந்தது. கடமை, நன்றிகெட்டத்தனம், பென்ஷன் என்று மூன்று பாகம். வாயைத் திறந்தேன்.

"சாப்டியா?" என்றுதான் வந்தது.

"இல்லப்பா."

"உக்காரு."

உட்கார்ந்தான். அமலராணி பையிலிருந்து அதிரச டப்பாவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். நாலு அதிரசம் தின்றான். அவன் கை முழுக்க வெயில் சுட்ட தழும்பு. இந்த உடம்பையா ஏசி ரூமில் உட்கார வைக்கப் பார்த்தோம் என்று ஒரு பக்கம், இப்படி ஆகிவிட்டானே என்று ஒரு பக்கம். தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

மீதி இரண்டு நாளும் எங்களோடு இருந்தான். அந்த இரண்டு நாளில் என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாறைகளுக்கு நடுவே நடக்கும்போது அவனிடம் சொன்னேன்.

"பாத்தியாடா, உங்கம்மா வேணாம்னா. உங்க மாமன்மார் மாதிரி ஊட்டி, கொடைன்னு நான் போயிருந்தா? என்னமோ ஒண்ணு உள்ள சொல்லுச்சு. அப்பன் காலு தானா உன் பக்கம் வந்துடுச்சு."

"ஆமாப்பா" என்றான், அம்மாவைப் பார்க்காமல்.

"சும்மாவா? முப்பத்திரண்டு வருஷ அனுபவம்."

"ஆமாப்பா."

அமலராணி கொஞ்சம் தள்ளி, பாறையில் இருந்த ஏதோ ஒரு பூவை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்று வரவேற்பறையில் இருந்தவர் விருந்தினர் புத்தகத்தை நீட்டி, நான்கு வரி எழுதச் சொன்னார். மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பக்கங்களைத் திருப்பினேன். இங்கிலீஷ், இந்தி, குஜராத்தி. நடுவில் ஒரு பக்கத்தில் தமிழ். குண்டு குண்டான எழுத்து, அடிக்கோடு போட்ட மாதிரி நேர் வரி. எங்கள் வீட்டு மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

தேதி டிசம்பர் பதினெட்டு. அன்றைக்கு அவள் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு ஸ்கூல் டூர் போயிருந்தாள். வரும்போது மைசூர்பாகு கூடக் கொண்டுவந்தாள். ஒரிஜினல் ஒரிஜினல்தான் என்று சொல்லி நான் ஆறு துண்டு தின்றேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"மகனோடு மூன்று நாள் தங்கினேன். அருமையான இடம். அடுத்த முறை என் கணவரையும் அழைத்து வருவேன். இந்த இடத்தைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சொல்வார். சொல்லட்டும்."