குக்கரைக் கும்பிட மறுத்த ராஜா

திருத்தணியில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் ஒரே பெண்ணுக்கு இரண்டு முறை தாலி கட்டியவர்கள். ஜாதகத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுத்தவர் ஒன்மோர்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் மனைவியே, "ஒன்மோர் இல்லீங்க, வெளிய போயிருக்காரு" என்றுதான் சொல்வார். தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக வேலை கிடைத்து ஊருக்குப் புதிதாக வந்திருந்த நான், அந்தப் பெயரைக் கேட்டு அவர் மோர் விற்பவர் என்றே நினைத்துவிட்டேன். மலையடிவாரத்து வெயில் தாங்காமல் அவர் ஸ்டுடியோவுக்குள் போய் ஒரு டம்ளர் மோர் கேட்டேன். மனிதர் மறுபேச்சில்லாமல் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடித்ததும், "அம்மா, அண்ணாந்து குடிச்சீங்க பாருங்க, அப்போ மூஞ்சி மேல வெளிச்சம் சூப்பரா உழுந்துது. ஒன் மோர்!" என்றார். இன்னொரு டம்ளர் தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். காலி டம்ளரை அண்ணாந்து குடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார். அந்த ஸ்டுடியோவின் மாடியில்தான் நான் பிறகு வாடகைக்குக் குடியேறினேன்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம், "நைனா, உன் முழங்கை கேமராவ மறைச்சிகிச்சு. அந்தக் கடேசி முடிச்ச மட்டும் அவுத்துட்டு ஒன் மோர்" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார். ஒன்மோர் பந்திக்குள் புகுந்து, சாம்பார் வாளியைத் தாண்டி, பாயசத்தில் கால் வைத்து ஓடினார். ஓடும்போதும் கேமராவைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அந்தக் கல்யாண வீடியோவில் நன்றாக வந்திருப்பது அந்த ஓட்டம் ஒன்றுதான் என்று மாப்பிள்ளை வீட்டாரே சொன்னார்கள்.

ஒன்மோருக்கு ஒரு வகை சினிமா மீது தீராத பைத்தியம். வெளியுலகம் தெரியாமல் காட்டிலோ மலையிலோ வாழும் மனிதர்கள் முதல்முறையாக ஒரு காரையோ கண்ணாடியையோ பார்த்து அலறி, தடுக்கி விழுந்து, உருண்டு எழும் சிரிப்புப் படங்கள். எந்த மொழியானாலும் பார்ப்பார். அவர் சிரிக்கும் சத்தத்தில் மாடியில் என் கட்டில் அதிரும். அப்படி ஒரு படத்தைத் தானே எடுத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றிவிட்டது.

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. அவருக்கும் வேலை கிடையாது. படியேறி வந்து கதை சொன்னார்.

"மலை மேல ஒரு ஊரு டீச்சர். கரண்டு தெரியாது, பஸ்ஸு தெரியாது. மேலேருந்து ஒரு குக்கரு உருண்டு வந்து உழுவுது. விசில் அடிக்குது. சாமின்னு நெனச்சிகினு ஊரே உழுந்து கும்புடுது!"

"அடுப்பே இல்லாம எப்படிங்க விசில் அடிக்கும்?"

"நீங்க கணக்கு டீச்சர். இது காமெடி" என்றார். மறுநாளே என்னை உதவி இயக்குநராக்கிவிட்டார்.

ராஜா வேஷத்துக்கு அவருடைய பாவா. அதாவது அக்காவின் கணவர். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய பொறுமை. தறிக்கூடத்து நண்பர்கள் நாலைந்து பேர் குடிமக்கள். ஆடிக் கிருத்திகைக்குத் தறிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அன்றைக்கே படப்பிடிப்பு என்று முடிவானது.

பொதட்டூர்பேட்டை போகும் வழியில், ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு பாறைக்குன்று. பாவாவுக்கு அரை டிராயர் மேல் வேப்பிலைப் பாவாடை, உடம்பெல்லாம் விபூதிப் பட்டை, தலையில் மயிலிறகு. "பட்டினியா இருந்தாதான் மூஞ்சி காட்டு ராஜா மாறி இருக்கும். ஷாட்டு முடிஞ்சி சாப்புடலாம் பாவா" என்று ஒன்மோர் காலைச் சாப்பாட்டையும் தடுத்துவிட்டார். நவீன உலகமே தெரியாத குடிமக்களின் இலைக்குள்ளிருந்து செல்போன்கள் மாறி மாறி அடித்தன. ராஜாவுடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் பிடுங்கி, சத்தத்தை அணைத்து, ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

பாறைக்குப் பின்னால் ஒளித்துவைத்த அடுப்பில் அக்காவின் குக்கர் அரிசியோடு ஏறியது. கேமரா ஓடியது. முதல் விசில். குடிமக்கள் நடுங்கினார்கள். இரண்டாவது விசில். குப்புற விழுந்தார்கள். மூன்றாவது விசில் வந்தது. ராஜா நிதானமாக எழுந்து நின்று, "மூணு ஆச்சு. எறக்கிடுப்பா, கொழைஞ்சிடும்" என்றார்.

"பாவா! நீங்க குக்கர பாத்ததே இல்ல! பயந்து கும்புடணும்!"

"பாக்காட்டி இன்னாடா? சோத்து வாசன வருது இல்ல? உள்ள சோறு வேவுதுன்னு அவனுக்குத் தெரியாதா? ராஜாவா அவன், இல்ல மட்டியா?"

குப்புறக் கிடந்த குடிமக்களும் தலையைத் தூக்கி, "ஆங், அவுரு சொல்றது கரெக்டு" என்றார்கள். ஒன்மோர் ஒன் மோர் கேட்டுக்கொண்டே இருந்தார். பாவா ஒரு தடவைகூடக் கும்பிடவில்லை. அதற்குள் மேய வந்த ஆடு ஒன்று ராஜாவின் பின்பக்க வேப்பிலையைத் தின்று தீர்த்துவிட்டது. முந்தின ஷாட்டில் இருந்த இலை இந்த ஷாட்டில் ஏன் இல்லை என்று பார்த்துச் சொல்வது என் வேலையாம். ஆட்டைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

கடைசியில் கதையையே மாற்றினார். ராஜா குக்கருக்குப் பயப்படவில்லையென்றால் வானத்தில் பறக்கும் பொருளுக்குப் பயப்படட்டும் என்று வாடகைக்கு எடுத்துவந்த ட்ரோனைப் பறக்கவிட்டார். அது ரீங்காரம் போட்டபடி பாறைச் சரிவை உரசிக்கொண்டு போனது. அங்கே ஒரு மலைத்தேனீக் கூடு இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

ராஜா அலறினார். குடிமக்கள் அலறினார்கள். திசைக்கொருவராக ஓடினார்கள். "சூப்பர்! இதான் ஆக்டிங்! ஓடுங்க பாவா, ஓடுங்க!" என்று ஒன்மோர் துள்ளிக் குதித்தார். முதல் தேனீ அவர் கன்னத்தில் உட்கார்ந்த பிறகுதான் இது நடிப்பு இல்லை என்று புரிந்தது. கேமராவை மார்போடு அணைத்தபடி முள்புதரில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, வேன் வரைக்கும் வந்து சேர்ந்தார். பையோடு நான் முன்னாலேயே வேனுக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றியிருந்தேன்.

தேனீக்கள் அடங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். ராஜா மட்டும் வரவில்லை.

குன்றைச் சுற்றித் தேடினோம். புதர் புதராகக் கூப்பிட்டோம். ஒன்மோருக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. இன்னொரு கண்ணால் தேடினார். திடீரென்று ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, "டீச்சர், பாவாவுக்கு சக்கர. காலையில மாத்தர போட்டுகினாரு. நான்தான் சாப்புட உடல. எங்கயாச்சும் மயங்கி கெடந்தாருன்னா?" என்றார். சிரிக்கவைப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சரியாக அப்போது ஒன்மோரின் போனில் அக்கா கூப்பிட்டார். "பாவா சாப்ட்டாராடா?"

"ஆங்... சாப்ட்டுகினு கீறாருக்கா" என்று சொல்லிவிட்டு, போனைக் கீழே வைத்து ஒன்மோர் அழுதேவிட்டார்.

எனக்கு என்னவோ தோன்றிப் பையைத் திறந்தேன். உள்ளே பாவாவின் போன் சத்தமில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. தெரியாத எண்ணிலிருந்து வரிசையாக அழைப்புகள். எடுத்து ஒன்மோர் காதில் வைத்தேன்.

"யாருப்பா அது? என் போனு உன் கையிலயா கீது?" என்று பாவாவின் குரல் கேட்டது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவருடைய எண்தான். அதற்கே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாவா! எங்க கீறீங்க?"

"மலை மேலடா."

"எந்த மலை?"

"முருகன் மலைடா! நம்ம ஊர்ல வேற எந்த மலை?"

திருத்தணிக்குள் வேன் நுழைய முடியவில்லை. தெருவெல்லாம் காவடி, மஞ்சள் துணி, அரோகரா. வேனை விட்டுவிட்டு ஒன்மோர் படியில் ஓடினார். முள் கிழித்த சட்டையும் ஒற்றைக் கண்ணுமாக அவர் வந்த வேகத்துக்குக் கூட்டம் தானாக வழிவிட்டது. நான் பின்னால் மூச்சிரைக்க ஏறினேன்.

மேலே ஒரு மண்டபத்தில், ஆந்திரப் பக்கமிருந்து வந்த காவடிக் கூட்டத்துக்கு நடுவே பாவா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் வழித்து நக்கிய தயிர்சாத இலை. மடியில் யாருடைய குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது.

ஒன்மோர் போய்க் காலைப் பிடித்தார். பாவா திடுக்கிட்டு, "யாருப்பா நீ?" என்றார். வீங்கின முகத்தில் அடையாளம் தெரியவில்லை.

"நான்தான் பாவா!"

"அடப்பாவி, இன்னாடா மூஞ்சி இது?"

நடந்தது இதுதான். குன்றின் மறுபக்கம் ஓடி இறங்கிய பாவா நேராக ரோட்டில் போய் நின்றிருக்கிறார். வேப்பிலை, விபூதி, மயிலிறகு. அந்தப் பக்கம் வந்த காவடி லாரிக்காரர்கள், வெறுங்காலில் வரும் பெரிய வேண்டுதல்காரர் என்று லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். பாவாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. உண்மையைச் சொல்லிப் பார்த்தாராம். "பசியில சாமி எதோ பேசுது" என்று முதலில் சாப்பாட்டைத்தான் கொடுத்தார்களாம். காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வரிசையில் முன்னால் அனுப்பித் தரிசனமும் செய்துவைத்திருக்கிறார்கள். பின்பக்கம் இலை இல்லாததைப் பார்த்த ஒருவர், எதுவும் கேட்காமல் தன் மேல்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிவிட்டிருக்கிறார்.

"ஒருத்தர்கூட சிரிக்கலடா" என்றார் பாவா, வியப்போடு. "கொஞ்சம் நவுந்து ஒக்கார எடம் குட்த்தாங்க. அவ்ளோதான்."

ஒன்மோர் பாவாவின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முள் எடுத்துக்கொண்டிருந்தார். கேமரா மண்டபத்து மூலையில் கிடந்தது. அத்தனை அழகான வெளிச்சம் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை.

தீபாவளி விடுமுறையில் பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்தில், இரண்டு தறிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டார். மாற்றி எடுத்திருந்தார். காட்டு ராஜா ஊருக்குள் வருகிறார். யாரும் அலறவில்லை. ராஜாவும் எதற்கும் அலறவில்லை. குக்கரைப் பார்த்து, மூடியைத் திறந்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவரைப் படம் பிடிக்கத் துரத்துகிற கேமராக்காரர்தான் தடுக்கி விழுகிறார், ஆட்டிடம் முட்டு வாங்குகிறார், தேனீயிடம் கொட்டு வாங்குகிறார். அந்த வேஷத்தில் ஒன்மோர். பாதிக் காட்சிகள் நடிப்பே இல்லை. அன்றைக்கு இறக்க மறந்து வானத்திலேயே விட்ட ட்ரோன் எடுத்தவை.

தறிக்கூடம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான். திரையில் தம்பி முள்ளில் விழுந்து எழுந்து, "பாவா! பாவா!" என்று வாயில் அடித்துக்கொண்டு ஓடும் இடம் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஒன்மோரின் கன்னத்தை, எப்போதோ வீக்கம் வடிந்துவிட்ட அந்தக் கன்னத்தை, புறங்கையால் தடவினார்.

"ரொம்ப வலிச்சிதாடா?"

எனக்கும் அதையேதான் கேட்கத் தோன்றியது.