படம் பார்க்காத டோக்கன் அண்ணன்

பிள்ளைகளே, உலகத்திலேயே அதிகமான சினிமா தெரிந்தவர் யார் என்று யாராவது கேட்டால், தயங்காமல் டோக்கன் அண்ணன் என்று சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு படத்தைத் தவிர எதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை.

ஒத்தக்கடையில் நான் டார்ச் அடித்து சீட் காட்டும் வேலை பார்த்த தியேட்டரில், அவர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர். திரைக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஒட்டித்தான் வெளியே ஸ்டாண்டு. இருபது வருடமாக அந்தச் சுவரில் காதை வைத்தே எல்லாப் படத்தையும் கேட்டுவிட்டார். உள்ளே அழுகைக் காட்சி என்றால் டோக்கன் நனைந்து வரும். சண்டைக் காட்சியில் சைக்கிளைக் கேட்டால் பெல் தனியாகவும் சைக்கிள் தனியாகவும் வரும்.

அந்த நாளில் எங்களுக்குச் சோறு போட்டவன் காந்த மனிதன். கையை நீட்டினால் லாரியும் பஸ்ஸும் வந்து ஒட்டிக்கொள்ளும், டப்பிங்கில் தமிழ் பேசுகிற வெள்ளைக்கார சினிமா வீரன். முதல் பாகம் மூன்று வாரம் ஓடியது. இரண்டாம் பாகத்திலும் அதே ஊர், அதே தீ, அதே லாரி. நாலே நாளில் சுருண்டது. மூன்றாம் பாகம் ஒரு வாரமாவது ஓடாவிட்டால் தியேட்டரைக் கல்யாண மண்டபம் ஆக்கிவிடுவேன் என்றார் முதலாளி.

"கல்யாணத்துக்கு எவன் மொதலாளி சைக்கிள்ல வருவான்? என் பொழப்பு?" என்றார் டோக்கன் அண்ணன்.

"பந்தியில சாம்பார் ஊத்து."

மூன்றாம் பாகத்தின் படப்பெட்டி வந்தது. முதல் காட்சியில் காந்த மனிதன் வாயைத் திறந்தான். இங்கிலீஷ். பெட்டி மாறி வந்துவிட்டது. கூட்டம் விசிலடித்தது, நாற்காலியைத் தட்டியது. முதலாளி தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் டோக்கன் அண்ணன் முதன்முதலாக உள்ளே வந்தார்.

"என்ன மொதலாளி, வெளிய ஒரு வசனமும் வெளங்கல."

"உள்ளயும் அதே கததான்ப்பா."

காணாமல் போன குழந்தைகளை அறிவிக்கும் மைக்கை எடுத்தார் அண்ணன். "ஆபரேட்டர் மாப்ள, சத்தத்தக் கொற" என்றார். இருபது வருட வசனமும் மடை திறந்து கொட்டியது.

காலைக்காட்சிக்குக் கல்லூரிப் பையன்கள் வந்திருந்ததால் கதை காதல் கதை ஆனது. வில்லன் பெண்ணின் அப்பா. மதியம் பெண்கள் கூட்டம். வழியில் சும்மா நடந்துபோன வெள்ளைக்காரம்மா ஒருத்தி காந்த மனிதனின் தங்கச்சி ஆகி, கல்யாணம் நின்றுபோய், தியேட்டரே தேம்பியது. மாலையில் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள். "அந்தா, கண்மாய் மடைய அடச்சுட்டான் பாருங்கப்பு வில்லன்" என்று குரல் கொடுத்தார். காந்த மனிதன் லாரியைத் தூக்கினான். மடைக் கதவு திறந்துவிட்டதென்று துண்டைச் சுழற்றினார்கள். ஒரே படம், தினம் மூன்று கதை. காலையில் பார்த்தவரே மாலையிலும் வந்தார். ஹவுஸ்ஃபுல் போர்டை நான் தூசி தட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் சரியான தமிழ்ப் பெட்டி வந்தது.

"ஏப்பா டோக்கன், தொண்டைக்கு ரெஸ்ட் குடு. ஸ்டாண்டப் போயிப் பாரு" என்றார் முதலாளி.

படம் ஓடியது. பத்தே நிமிடம். ஒரு பெரியவர் எழுந்தார். "என்னய்யா, மடைய எப்பத் தொறப்பான்?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அந்தத் தங்கச்சி கல்யாணம் என்னாச்சு? இது போலிப் படம். நம்ம படத்தப் போடுங்க."

முதலாளி ஸ்டாண்டுக்கு ஓடினார். "அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்கண்ணே."

"டோக்கன் குடுக்க ஆளு?"

"நான் குடுக்குறேண்ணே."

தமிழ்ப் படம் சத்தமில்லாமல் ஓட, அண்ணன் பேசினார். வெளியே முதலாளி டோக்கன் கிழித்தார். ஒரு வாரம் கடந்து இரண்டாவது வாரமும் ஓடியது. மண்டபப் பேச்சு அடங்கியது. உள்ளேயே நிரந்தரமாக ஒரு மேசை போட்டுத் தருகிறேன் என்று முதலாளி கெஞ்சியும், அண்ணன் ஸ்டாண்டுக்கே திரும்பிவிட்டார்.

ஏன் என்று கேட்டேன்.

"கண்ணால பாத்தா அந்த ஒரு படந்தான் மாப்ள தெரியுது. செவத்துக்கு இங்கிட்டு ஒக்காந்தா எம்புட்டுப் படம் தெரியும் தெரியுமா?"

இப்போதும் பறக்கிற வீரர்களின் ஏழாம் பாகம், எட்டாம் பாகம் என்று என் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டால், அப்பா தூங்கிவிட்டாரென்று இடித்துச் சிரிக்கிறார்கள். நான் தூங்கவில்லை. கொஞ்ச நேரம் டோக்கன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன்.