முன்னூற்று நாலாம் நம்பர் அறை

“துண்டா? அதெல்லாம் நம்ம கிட்ட கிடையாது வே” என்றார் லாட்ஜ் மேனேஜர் தாஜ் முகம்மது, லெட்ஜரை விட்டுத் தலையைத் தூக்காமல்.

கிருபைராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் மாடியில், முன்னூற்று நாலாம் நம்பர் அறையில், சம்பந்தியாகப் போகிற ஜாபேஸ் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். ஞாயிறு ஆராதனையில் அவர் மகனுக்கும் கிருபைராஜின் மகள் ஜெசிக்கும் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இவருக்கும் இவளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபை நடுவே குருவானவர் வாசிக்கிற அறிவிப்பு. அதைத் தன் காதால் கேட்கவென்றே வியாழக்கிழமையே வந்து இறங்கிவிட்டார் மனிதர். ஞாயிறு வரை அவர் முகம் கோணக்கூடாது. கிருபைராஜுக்கு வேறு ஜெபமே இல்லை.

“சோப்பாவது தாருமே.”

“ரூம், கட்டில், ஃபேன், சாவி. இதுல ஒண்ணு குறைஞ்சா என்னைக் கேளும். துண்டு, சோப்பு, சுடுதண்ணி, கூப்பிட்டா ஓடி வார ஆளு, இதெல்லாம் பாலத்துக்கு அந்தப்பக்கம் பெரிய ஹோட்டல்ல. அங்கன போட்டிருக்கலாம்லா வே?”

போட்டிருக்கலாம். மனைவி இன்பமணியும் அதைத்தான் சொன்னாள். “கண்ண மூடித் தூங்கினா எல்லா ரூமும் ஒண்ணுதாம்ட்டி” என்று கிருபைராஜ்தான் அவள் வாயை அடைத்தார். அதோடு விட்டாரா? சம்பந்தியிடம் போனில், “நல்ல ஹோட்டலு. கேட்டதெல்லாம் ரூமுக்கே வரும்” என்று வேறு அளந்துவைத்தார்.

சொன்னது வந்தாக வேண்டுமே.

சாயந்தரம் வீட்டிலிருந்து துண்டு புறப்பட்டது. பெரிய ஹோட்டல்களில் துண்டை அன்னம் மாதிரி மடித்துவைப்பார்கள் என்று ஜெசி செல்போனில் காட்டினாள். இன்பமணி அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினாள்.

“இதுவாட்டி அன்னம்? அடைகாக்குத கோழி மாதிரிலா இருக்கு!”

“அப்ப நீங்களே மடியுங்க.”

கோழியே போயிற்று. சம்பந்தி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கட்டிலில் வைத்தார்.

“ஏதாச்சும் வேணும்னா யாரைக் கூப்பிடறதுங்க?”

கிருபைராஜ் யோசிக்காமல் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். அவருடைய இரண்டாவது சிம் நம்பர். மறுநாள் காலை ஆறு மணிக்கு அது அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ரூம் சர்வீஸ்” என்றார்.

“சுடுதண்ணி ஏழு மணிக்கு மேல வந்தா போதுங்க. உங்களுக்கு மூக்கடைப்புங்களா? ஆவி பிடிங்க.”

போனுக்குள் வீணைச் சத்தம் கேட்டது. அந்த அறை டிவிதான் ஓடாதே என்று ஒரு நிமிஷம் நின்றார். யோசிக்க ஏது நேரம்? ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தண்ணீர் சுடவைக்கிற கம்பியை வாங்கிக்கொண்டு ஓடினார். மாடி வராந்தாவில் ஒரு வாளியில் போட்டுச் சொருகினார். டப்பென்று மாடி முழுக்கக் கரண்டு போயிற்று. ஆறு அறைக்காரர்கள் இடுப்புத் துண்டோடு வெளியே வந்தார்கள்.

“உம்ம சம்பந்தியைக் குளிப்பாட்ட என் லாட்ஜ கொளுத்திராதியும் வே!” என்று கீழேயிருந்து கத்தினார் தாஜ் முகம்மது.

அப்புறம் கீழே டீக்கடையில் சுடவைத்து, லிஃப்ட் இல்லாத மூன்று மாடியும் வாளியைச் சுமந்தார். வராந்தாவில் ராதாபுரத்துப் பனங்கருப்பட்டி வியாபாரி வழிமறித்தார்.

“அண்ணாச்சி, எனக்கும் ஒரு வாளி.”

இல்லை என்று எப்படிச் சொல்ல? முன்னூற்று நாலின் கதவு திறந்திருந்தது. சொன்னால் சம்பந்தி காதில் விழுமே. “இந்தா வாரேன்” என்றார். சனிக்கிழமை காலைக்குள் ஆறு அறைக்குத் தண்ணீர், நாலு அறைக்குக் காபி. ஒருவர் சட்டையை நீட்டி, தேய்த்துக் கொண்டுவரச் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் சம்பந்தி முகம் தெளியவில்லை. ஏழு மணிக்கே தலைவாரி, பவுடர் பூசி, சுருக்கம் விழாத விரிப்பின் மேல் சாமியார் மாதிரி உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை இட்லியை அவர் பார்த்த பார்வையில் கிருபைராஜுக்கு உயிரே போயிற்று.

“பிடிக்கலியோ ஐயா?”

“ஐயோ, அருமைங்க” என்று கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“உன் கை இட்லி அவருக்கு ஆகலட்டி” என்று வீட்டில் போய்க் குதித்தார். சனிக்கிழமை ஆப்பம், தேங்காய்ப்பால், முட்டைக்குழம்பு, மேலே இரண்டு பூரி. சம்பந்திக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. ஞாயிறு காலை இடியாப்பத்தைப் பார்த்ததும் கண்ணை மூடி நீண்ட ஜெபம் பண்ணினார்.

“கல்யாணத்த வேண்டாம்னு சொல்லப் போறாரு. எல்லாம் அந்த லாட்ஜால” என்று இன்பமணி கண்ணைக் கசக்கினாள்.

ஆராதனையில் ஓலை வாசித்தார்கள். கிருபைராஜ் மூச்சுவிடாமல் சம்பந்தியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் தடை சொல்லவில்லை. வெளியே வந்ததும் சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு பாடுபட்டு யாருங்க கவனிப்பாங்க? ஜெசி எங்க வீட்டுப் பொண்ணுங்க” என்றார். 

கிருபைராஜ் தரையில் நடக்கவில்லை. சம்பந்தி வந்த நாள் முதல் வைத்திருந்த வாடகைக் காரில், டிரைவர் கருத்தையாவோடு, சம்பந்தியிடம் சொல்லாமலே பெட்டியை எடுத்துவர லாட்ஜுக்குப் பறந்தார்.

“பாத்தீரா வே! கண்ண மூடித் தூங்கினா எல்லா ரூமும் ஒண்ணுதான். ஒரு குறை சொல்லலயே மனுஷன்!”

தாஜ் முகம்மது சாவியை நீட்டினார்.

மாடியேறிக் கதவைத் திறந்தார். கட்டிலில் மூன்று நாளும் கொண்டுவந்த மூன்று துண்டுக் கோழிகள், மடிப்புக் குலையாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பெட்டியைக் காணோம். கட்டிலுக்கு அடியிலும் இல்லை. கிருபைராஜ் படியில் உருளாத குறையாக இறங்கி வந்தார்.

“ஏலே கருத்தையா! ஐயா பெட்டியைக் காணும்லே!”

தாஜ் முகம்மது லெட்ஜருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கருத்தையா தலையைச் சொறிந்தான்.

“அது பாலத்துக்கு அந்தப்பக்கம் பெரிய ஹோட்டல்ல இருக்கு அண்ணாச்சி, மூணு ராத்திரியும் ஐயா அங்கனதான படுத்தாரு, குளிச்சு, சாப்பிட்டு, நீங்க வாளியைத் தூக்கிட்டு வாரதுக்குள்ள இங்கன வந்து உக்காந்திரணும், இல்லன்னா உங்க மனசு நொந்துரும்னு தினமும் என் உயிரல்லா வாங்கினாரு!”