கட்டுக்கம்பிக்குக் கௌரவமான இங்கிலீஷ்

டிராஃப்ட் திருத்தி என்றொரு பிராணி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தானாக ஒரு வரி எழுதாது. பிறர் எழுதியதைச் சும்மா விடவும் விடாது. கம்ப்யூட்டர் இன்னும் முதலாளி அறையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் ஆபீசுக்கு ஒன்றாவது இருந்தது.

எங்கள் கம்பெனியில் அதன் பெயர் சந்தானம், பர்ச்சேஸ் மேனேஜர். சிவப்பு மைப் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி, எதை நீட்டினாலும் முதலில் ஒரு ‘ப்ச்’. இவர் கையெழுத்தில்லாமல் ஒரு குண்டூசி உள்ளே வராது.

இரும்புத் தண்டுகளைக் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும், கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டது. டைப்பிஸ்ட் பெர்னதெத், அந்த மாதம்தான் வேலை நிரந்தரமாக வேண்டிய பெண், ‘ஃபிளெக்ஸிபிள் வயர்’ அனுப்பவும் என்று நாலே வரியில் லெட்டர் அடித்து நீட்டினாள்.

“ப்ச். ஃபிளெக்ஸிபிளா? கடைக்காரன்கூட அப்படித்தாம்மா எழுதறான்.”

“அந்தக் கடைக்காரருக்குத்தான் சார் லெட்டரே.”

கேட்பாரா? ‘ஃபிளெக்ஸிபிள்’ போய் ‘பிளையபிள்’ வந்தது. சாப்பாட்டுக்குப் பின் அதுவும் மலிவாகத் தோன்ற ‘மாலியபிள்’ ஆயிற்று. மறுநாள் காலை டிக்ஷனரியும் கையுமாக வந்தவர் அதையும் அடித்துவிட்டு, வளைவதற்கு இசையும் சுபாவமுடைய கம்பி என்று, ஏதோ கம்பிக்கு ஜாதகம் கணிப்பதுபோல, இங்கிலீஷில் ஒரு முழு வரி போட்டார். ஒவ்வொரு தடவையும் பெர்னதெத் கார்பன் வைத்து முதலிலிருந்து அடித்தாள். கம்பி வளையும். இவர் வளைவாரா?

“சார், கடை எதிர் ரோட்லதான். ஒரு போன் போட்டா சைக்கிள்ல அனுப்பிடுவாங்க. லாரி வந்து நிக்குது சார்.”

“போன்ல கேட்டா கம்பெனி மரியாதை என்னம்மா ஆகறது? ஸ்வல்ப இரு. ‘சுபாவம்’ சரியா, ‘குணம்’ சரியான்னு பாக்கறேன்.”

லாரி காலியாகத் திரும்பியது. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. முதலாளி கொதித்துப்போய் லெட்டரைக் கேட்டார். அதன் அடியில் சந்தானம் கையெழுத்து இன்னும் விழவில்லை, டைப் அடித்தவள் இனிஷியல் மட்டும்தான் இருந்தது. திருத்தியவர் இனிஷியலை எந்த லெட்டரில் ஐயா போடுகிறார்கள்? பெர்னதெத்துக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. அநியாயம்தான், யார் கேட்பது?

அவளை அனுப்பும் லெட்டரையும் அவளே அடிக்க வேண்டியிருந்தது. அப்போது ஆபீசில் வேறு டைப்பிஸ்ட் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்து நீட்டினாள். சந்தானம் நிதானமாகப் படித்தார்.

“ப்ச். ‘வருத்தத்துடன்’ போதாதும்மா. ‘ஆழ்ந்த மனவருத்தத்துடன்’னு வரணும். இன்னொரு தடவ அடிச்சுடு.”

என்ன மனுஷன் என்று பல்லைக் கடிக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால், பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருக்க, ஸ்கூல் லீவு லெட்டரில் ‘ஃபீவர்’ என்று போட்டால் கௌரவமாக இல்லையே என்று போன மாதம் ஒருவர் வேறு வார்த்தை தேடினாராமே, அது உங்கள் வீட்டில்தானே? அதற்குள் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு போயே விட்டாராம்.