கார் டிக்கியில் கிடந்த கிடாய்

கிட்ட வந்து இருங்கோ. சப்பாத்தை வாசலில் விட்டிட்டு, அந்தக் கனத்த கோட்டையும் ஒரு பக்கம் போட்டிட்டு இருங்கோ. இந்தக் கதையைச் சத்தமாகச் சொல்ல ஏலாது. கதைக்குரிய மனிசன் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அவருக்குக் காது கூர்மை. மூளை எப்படியென்று கடைசியில் நீங்களே சொல்லுங்கோ.

ஆளுக்குப் பெயர் ஆனந்தராசா. மொன்றியல் பக்கம், புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. பகல் முழுக்கப் பெட்டி ஏற்றுவார், பெட்டி இறக்குவார். வீட்டுக்கு வந்தால் தன்னைக் கதிரையில் இறக்குவார். அதற்குப் பிறகு அவரை ஏற்ற ஆளில்லை.

மனிசி யோகராணிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. திங்கள் தொடங்கிச் சனி மட்டும் நின்ற காலில் நிற்கவேணும். ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த ஞாயிறும் ஆட்டிறைச்சி வெட்டி, கழுவி, காய்ச்சிப் போய்விடும். "ஒரு ஞாயிறைக்கு நீங்கள் கறியை வையுங்கோவன்" என்று இருபத்தாறு வருசமாகக் கேட்டா. "ஆம்பிளையின்ரை கை பட்டால் கறி கறுத்துப் போமப்பா" என்று இருபத்தாறு வருசமாக இவர் சொன்னார். பிறகு அவ கேட்கிறதை விட்டுவிட்டா. அன்றைக்கே இந்த மனிசன் பயந்திருக்க வேணும்.

மேல்வீட்டில் எமிலியானுஸும் கத்தரினும். மன்னார்ப் பக்கத்து வேதக்கார ஆக்கள், தங்கமான சனம். எமிலியானுஸ் துறைமுகத்திலிருந்து லொறி ஓடுகிறவர். இரண்டு வீட்டுக்கும் இலையுதிரிற ஐப்பசியில் ஒரு வழக்கம் இருந்தது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ தாண்டி ஒரு தோட்டத்தில் முழுக்கிடாய் ஒன்று சொல்லி எடுப்பார்கள். நிலவறையில் பிளாஸ்டிக் விரித்து, ஊரில் பங்கு இறைச்சி போடுகிற மாதிரி, ஈரலில் இவ்வளவு, விலாவில் இவ்வளவு, எலும்பில் இவ்வளவு என்று இரண்டு குவியல் போட்டுப் பையில் கட்டி, ஒரே பெரிய பிறீசரில் அடுக்குவார்கள். இடப்பக்கம் ஆனந்தராசா வீடு. வலப்பக்கம் எமிலியானுஸ் வீடு. நடுவில் ஒரு மட்டை. நாட்டு எல்லைகூட அவ்வளவு மரியாதையாய்க் கிடவாது.

இப்படி இருக்கையில், தை மாதத்தில் ஒரு ஞாயிறு, மேல்வீட்டிலிருந்து நீல மூடிச் சட்டியில் கறி வந்தது. ஆனந்தராசா புட்டோடு குழைத்து வாயில் வைத்தார். கண் தானாய் மூடியது.

"ஆர் வைச்சது?"

"எமிலியானுஸ் அண்ணை."

கண் திறந்துகொண்டது. "அவனுக்குச் சமைக்கத் தெரியுமோ?"

"தெரியுமோவோ? என்ன பக்குவம். எலும்பிலை இருந்து இறைச்சி தானாக் கழண்டு வருது பாருங்கோ. கத்தரின் குடுத்து வைச்சவ."

"உப்புக் கொஞ்சம் கூட."

"அப்ப வையுங்கோ, நான் சாப்பிடுறன்."

ஆனந்தராசா சாப்பாட்டுக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் நீல மூடி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் "எமிலியானுஸ் அண்ணையின்ரை கை, கைதான்" என்று யோகராணி ஒருக்காச் சொன்னா. இவருக்குக் கறி இனித்தது, கதை கைத்தது. மேலே எமிலியானுஸ் நடந்தால் இவர் நெஞ்சில் நடக்கிற மாதிரி இருந்தது. அந்த மனிசன் குளிக்கும்போது பாடுகிற மாதா பாட்டுக்கூட இவருக்குத் தன்னைச் சீண்டுகிற பாட்டாய்க் கேட்டது. போதாக்குறைக்கு, ஒரு வெள்ளிக்கிழமை யன்னலால் பார்த்தால், விரதக்காரி யோகராணி, நெற்றியில் திருநீறும் கையில் உறைந்த ஆட்டிறைச்சியுமாய், பனி படிந்த வெளிப்படியில் மேல்வீட்டுக்கு ஏறுகிறா.

இறங்கி வந்தவுடன் பிடித்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இறைச்சியோடை எங்கை போட்டு வாறாய்?"

"எங்கடை பிறிஜ் வெள்ளிக்கிழமை சைவமெல்லோ. சாமிக்கு வைக்கிற பாலுக்குப் பக்கத்திலை கிடாயை வைக்கேலுமே? ஞாயிறுக்கு ஐஸ் இளகவேணும். கத்தரின்ரை பிறிஜ்ஜிலை வைச்சிட்டு வாறன். எத்தினை வருசமாச் செய்யிறன், இண்டைக்கோ கண் தெரிஞ்சது?"

உண்மைதான், அது பழைய வழக்கம். ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு வழக்கம் விளங்காது. எங்கடை வீட்டுக் கிடாயை மேலே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துச் சமைப்பிக்கிறாள் என்று ஆனந்தராசா முடிவு கட்டினார்.

அந்த நேரத்தில்தான் தொரொன்ரோவிலிருந்து சம்பந்தியம்மா வருகிறா என்று செய்தி வந்தது. மகள் பிரஷாந்தினியின் மாமி, ஜெகதீஸ்வரி. கலியாணம் முடிந்து முதல் தரம் இந்த வீட்டில் கை நனைக்கப் போறா.

புதன்கிழமை யோகராணி சொன்னா: "ஞாயிறு கறிக்குக் கவலையில்லை. எமிலியானுஸ் அண்ணை வந்து வைச்சுத் தருவார்."

"ஆர்?"

"அவர்தான். இப்பவே தூள் பிரட்டி, சிவப்பு நாடா கட்டி, பிறீசரிலை தன்ரை பக்கத்திலை மேலாலை வைச்சிருக்கிறார். நீங்கள் கைவைச்சுப் போடாதேங்கோ, என்ன?"

"என்ரை சம்பந்திக்கு மற்றவன் வந்து சமைக்கிறதோ? நான் என்ன, வாசல்லை நிண்டு கோட்டு வாங்கி மாட்டுறதோ?"

"அதுவும் ஒராள் செய்யத்தானே வேணும்."

ஆனந்தராசாவுக்கு அந்தச் சொல் போய்த் தைத்துவிட்டது. தன் மேசையில், தன் சம்பந்திக்கு முன்னால், தன் மனிசி இன்னொருவன் கையைப் புகழுவாள். தான் கோட்டு மாட்டுவார். அதை மட்டும் நடக்கவிடுவதில்லை என்று தீர்மானித்தார். ஞாயிறு கறி என் கையால்தான்.

ஆனால் அவருக்குக் கறி வைக்கத் தெரியாது. அது ஒரு சின்னக் குறைதான்.

வியாழன் பின்னேரம், யோகராணி குளிக்கப் போன நேரம் பார்த்து, நிலவறைக்கு இறங்கினார். எல்லை மட்டையைத் தாண்டிக் கையை விட்டார். சிவப்பு நாடாப் பை கையில் வந்தது. நாடாவைக் கழற்றித் தன் பக்கத்து வெறும் இறைச்சிப் பை ஒன்றில் கட்டி அந்த இடத்தில் வைத்தார். ஞாயிறு எமிலியானுஸ் அதை அவிழ்த்து முழிக்கிற முழியை நினைத்து, பிறீசருக்குள் தலையை விட்டபடியே சிரித்தார்.

எடுத்ததை எங்கே வைக்கிறது? விடிந்தால் வெள்ளி, வீட்டுப் பிறிஜ் சைவம். மேல்வீட்டுப் பிறிஜ்ஜில் வைக்கிறதென்றால் களவெடுத்ததைக் களவு கொடுத்தவனிடமே ஒப்படைக்கிற வேலை. யோசித்து யோசித்துக் கடைசியில் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினார். அங்கே கிடந்து மெல்ல மெல்ல இளகட்டும் என்று நினைத்தார்.

மொன்றியலில், மாசி மாதத்தில், மைனஸ் இருபத்துநாலில்.

சனி மத்தியானம் டிக்கியைத் திறந்தார். வியாழக்கிழமை பிறீசருக்குள் இருந்தபோது அது இறைச்சி. இப்போது அது கருங்கல். தட்டினால் கோயில் மணி மாதிரிச் சத்தம் கேட்டது. அள்ளிக்கொண்டு நிலவறைக்கு ஓடி, உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் பச்சைத்தண்ணி நிரப்பி, பையோடு அமிழ்த்தி, தண்ணியை மாற்றி மாற்றிக் காவல் இருந்தார். சனிக்கிழமைகளில் யோகராணி ஆறு மணிக்குத்தான் வாறவ. அன்றைக்கென்று பார்த்து நாலு மணிக்கே வந்து, உடுப்புக் கூடையோடு இறங்கினா.

ஆனந்தராசா ஒரு துவாயைத் தொட்டிக்குள் எறிந்தார்.

"என்னப்பா, தொட்டியடியிலை குந்திக்கொண்டிருக்கிறியள்?"

"துவாய் தோய்க்கிறன்."

"நீங்களோ?"

"ஏன், நான் தோய்க்கக்கூடாதோ?"

"இருபத்தாறு வருசத்திலை முதல் துவாய். நல்லா ஊறட்டும், இடைக்கிடை திருப்பி விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் திரும்பிப் போனா.

பின்னேரம் இறைச்சி ஒருமாதிரி இளகியது. பிறிஜ்ஜில் முட்டைக்கோவாவுக்குப் பின்னால் ஒளித்தார்.

ஞாயிறு விடிந்ததும் அறிவித்தார்: "இண்டைக்குக் கறி நான்."

"ஐயோ, எமிலியானுஸ் அண்ணைக்குச் சொல்லி வைச்சிருக்கு."

"அவரை லொறியை ஓடச் சொல்லு. அடுப்பை நான் பாக்கிறன். சாப்பிட மட்டும் வரச்சொல்லு, ரெண்டு பேரையும். வந்து ருசி பாக்கட்டும்."

யோகராணி கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே போனா. கொஞ்சத்தால் மேலே இரண்டு பொம்பிளையளின் சிரிப்புக் கேட்டது. எமிலியானுஸின் முகம் கறுத்ததைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஆனந்தராசா நினைத்துக்கொண்டார்.

பையை அவிழ்த்தால், தூள் மட்டுமில்லை, வெங்காயம், இஞ்சி, உள்ளி, றம்பை, பெருஞ்சீரகம், உப்புப் புளி எல்லாம் அளவாய்க் கிடந்தது. சட்டியில் கொட்டி அடுப்பைத் திருகுகிறதுதான் பாக்கி. திருகினார். தேங்காய்ப்பால் விட்டார். இடுப்பில் கைவைத்து நின்றார். அந்த நிலையில்தான் சம்பந்தியம்மா அவரை முதலில் கண்டா.

மேசை நிறைந்தது. ஜெகதீஸ்வரி அம்மா ஒரு வாய் வைத்தா, இன்னொரு வாய் வைத்தா, பிறகு கேட்டா: "சம்பந்தி, பெருஞ்சீரகம் வறுத்துப் போட்டனீங்களோ, பச்சையாவோ?"

"பாதி வறுத்து, பாதி பச்சை."

யோகராணிக்குப் புரைக்கேறியது. தண்ணி குடித்தா.

"எவ்வளவு நேரம் ஊற வைச்சனீங்கள்?"

"நாலு நாள் பாடுபட்டனான் அக்கா" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"என்ரை மகனும் இருக்கிறான், தண்ணி கொதிக்க வைக்கத் தெரியாது. ராணி, நீர் குடுத்து வைச்சனீர்."

இந்த ஒரு சொல்லுக்குத்தானே மனிசன் கிடந்து தவித்தார். எமிலியானுஸைக் கடைக்கண்ணால் பார்த்தார். எமிலியானுஸ் குனிந்த தலை நிமிராமல், சோற்றில் ஏதோ துலைந்த மாதிரித் தேடிக்கொண்டிருந்தார். ஆனந்தராசாவுக்கு வயிறும் நிறைந்தது, மனமும் நிறைந்தது.

யோகராணி மெல்லச் சொன்னா: "இனி ஞாயிறுகளிலை எங்கடை வீட்டிலை இவர்தான் அக்கா கறி. என்னப்பா?"

"பின்னை" என்றார் ஆனந்தராசா, சம்பந்தியைப் பார்த்து. "அதுக்கென்ன பெரிய வேலை."

சாப்பாடு முடிய ஐஸ்கிறீம் எடுக்க நிலவறைக்கு இறங்கினார். எமிலியானுஸும் பின்னால் வந்தார். பிறீசரடியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ராசண்ணை, மனம் கேக்குதில்லை, சொல்லிப்போட வேணும். மூண்டு கிழமையா உங்களிலை எனக்கு ஒரே எரிச்சல்."

"என்னிலையோ? ஏன்?"

"ஞாயிறுக்கு ஞாயிறு உங்கடை கறி மேலை வருது. கத்தரின் ஒவ்வொரு வாய்க்கும் ராசண்ணையின்ரை கை, ராசண்ணையின்ரை கை எண்டு சொல்லி என்னை உரிச்சுப்போட்டா. நான் நம்பேல்லை. இண்டைக்குச் சாப்பிட்டன். அதே கறி, அதே ருசி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்ரை கறியோ? நான் இண்டைக்குத்தான்..." ஆனந்தராசா வாயை மூடினார். "அப்ப, எங்களுக்குக் கீழை வந்த உங்கடை கறி?"

"என்ரை கறியோ? எனக்கு முட்டை அவிக்கத் தெரியாதண்ணை. போன மாசம் அவிச்சு, சட்டி அடிப்பிடிச்சுப் போச்சு."

பிறீசர் உறுமிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமையளிலை நீர் எங்கை நிக்கிறனீர்?"

"லொறியிலை. நீங்கள்?"

"கதிரையிலை." ஆனந்தராசா மெதுவாய்ச் சொன்னார். "ராணி மட்டும் சனியிலை பிந்தித்தான் வாறவள்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சனிக்கிழமை மேல்வீட்டு அடுப்பில் மனிசிமார் இரண்டு பேரும் வைத்த ஒரே கறி, நீல மூடியில் பாதி, வேறேதோ மூடியில் பாதி. ஆளாளுக்கு மற்றவன் பெயர். எமிலியானுஸ் பிறீசரைத் திறந்தார். ஆனந்தராசா ஐஸ்கிறீமைத் தூக்கினார். அதற்குக் கீழே, வியாழக்கிழமை இல்லாத மாதிரி, இடப்பக்கம் முழுக்கச் சிவப்பு நாடா, வலப்பக்கம் முழுக்க நீல நாடா. ஒவ்வொரு பையிலும் யோகராணியின் எழுத்தில் திகதி. ஒரு ஞாயிறு ஆனந்தராசா, மறு ஞாயிறு எமிலியானுஸ், சித்திரை வருசம் வரைக்கும். ஒரு பையிலும் தூளில்லை, வெங்காயமில்லை. வெறும் இறைச்சி.

படியில் காலடி கேட்டது. யோகராணி இறங்கி வந்தா.

"ராணி, அந்தப் பை..." என்று தொடங்கினார் ஆனந்தராசா.

"எந்தப் பை?"

எமிலியானுஸும் திரும்பி, "எந்தப் பை, அண்ணை?" என்று கேட்டார்.

மேலே சம்பந்தியம்மா, பாதி வறுத்துப் பாதி பச்சையாய்ப் பெருஞ்சீரகம் போடுகிற விதத்தை மருமகள் பிரஷாந்தினிக்குப் போனில் விளங்கப்படுத்துகிற சத்தம் கேட்டது.

"ஒண்டுமில்லை" என்றார் ஆனந்தராசா.

யோகராணி அவர் கையிலிருந்த ஐஸ்கிறீமை வாங்கிக்கொண்டு, இடப்பக்கத்து முதல் சிவப்பு நாடாப் பையை எடுத்து அந்தக் கையில் வைத்தா. "அடுத்த ஞாயிறு சமைக்கிறதை வெள்ளிக்கிழமை கத்தரின்ரை பிறிஜ்ஜிலை வையுங்கோ, கார் டிக்கியிலை இளகாது" என்று சொல்லி, பிறீசர் மூடியைச் சாத்திவிட்டு மேலே போனா.